ஒரே காஸ், நான்கு செயலிகள்: கட்டளைவரி அசெம்ப்ளர்களோடு நீண்ட நாள் பழக்கம்

எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், ஏவிஆர் என்ற நான்கு செயலி வகைகளுக்கும் குனு அசெம்ப்ளர் (காஸ்) இருக்கிறது. சொற்களில் எழுதிய செயலிக் கட்டளைகளை இயந்திர எண்களாக மாற்றும் நிரல்தான் அசெம்ப்ளர். பெயர் ஒன்றுதானே, விதியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினால் அங்கேதான் சறுக்கும்.

அடுத்த தரவு தொடங்கும் முகவரியை ஒழுங்குபடுத்தும் '.அலைன் 4' என்பது எக்ஸ்86 லினக்ஸில் 4 பைட் எல்லை. ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் அது 2-இன் 4-ஆம் அடுக்கு, அதாவது 16 பைட். ஒரு எண்ணைத் தரவாக வைக்கும் '.வேர்டு' எக்ஸ்86-இல் 2 பைட், ஆர்மில் 4. பிழைச்செய்தி எதுவும் வராது, தரவு அட்டவணை மட்டும் இடம் மாறிக் கிடக்கும். '.பி-அலைன்' (.balign), '.2பைட்', '.4பைட்' என்றே எழுதிப் பழகுங்கள். எங்கும் ஒரே பொருள். கமென்ட் குறியும் மாறும்: எக்ஸ்86-இல் #, 32-பிட் ஆர்மில் @, ஏவிஆரில் ;. ஆர்மில் ; போட்டால் அதற்குப் பின் வருவதை அடுத்த கட்டளையாகப் படிக்கும். நல்லவேளை, அது உடனே கத்திவிடும்.

எக்ஸ்86-க்கு மட்டும் என்றால் நாஸ்ம் என்ற இன்னொரு அசெம்ப்ளர்தான் சுகம். '-எஃப் எல்ஃப்64' கொடுக்க மறந்தால் வெறும் பைனரியைத்தான் தரும், துண்டுகளை இணைத்து ஓடும் நிரலாக்கும் லிங்கர் அதை ஏற்காது. காஸின் இயல்பு நடை ஏடி&டி: மூலம் முதலில், இலக்கு பின்னால். '$5' என்றால் எண் 5. $ விட்டுப்போனால் முகவரி 5-ஐப் படிக்கப் போய் நிரல் விழும். இன்டெல் நடைக்கு (இலக்கு முதலில்) மாற்றினாலும் ஒரு கண்ணி உண்டு. 'மூவ் ஈஏஎக்ஸ், லேபிள்' என்ற வரி நாஸ்மில் முகவரியைத் தரும், காஸில் உள்ளே இருக்கும் மதிப்பைத் தரும். முகவரி வேண்டுமானால் 'ஆஃப்செட்' சேர்க்க வேண்டும்.

அதிக நேரத்தைத் தின்பது கார்டெக்ஸ்-எம், அதாவது ஆர்மின் மைக்ரோகன்ட்ரோலர் வகை. ரீசெட் ஃபங்ஷனுக்கு முன் '.தம்ப்_ஃபங்க்' விட்டுப்போனால் வெக்டர் அட்டவணையில் (செயலி எங்கே தாவ வேண்டும் என்ற முகவரிப் பட்டியல்) அந்த ஃபங்ஷன் முகவரியின் கடைசி பிட் 0 ஆகிவிடும். முதல் கட்டளையிலேயே ஹார்ட்ஃபால்ட், அதாவது செயலி பிழையில் விழுந்துவிடும். நிரல் முழுக்கச் சரியாகத் தெரியும் என்பதால் தேடிக் களைப்போம். அட்டவணையின் இரண்டாவது சொல் ஒற்றைப்படையா என்று முதலில் பாருங்கள்.

ஏவிஆரில் அட்மெகா328பி சிப்பின் போர்ட்-பி பதிவகத்துக்கு இரண்டு முகவரி: 'அவுட்' கட்டளைக்கு 0x05, 'எஸ்டிஎஸ்' கட்டளைக்கு 0x25. 'அவுட்'டில் 0x25 கொடுத்தால் அந்தப் போர்ட்டில் இணைத்த எல்இடி எரியாது, டைமர்-0 பதிவகம் டிசிசிஆர்0பி மாறிவிடும். இதை அசெம்ப்ளர் சொல்லாது. இயந்திர எண்களைத் திரும்பக் கட்டளைகளாகக் காட்டும் ஆப்ஜ்டம்ப் தரும் எண்ணை சிப்பின் டேட்டாஷீட்டோடு வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.