தொட்டி நீரில் சொட்டுநீர்த் தொகுப்பு: பெட்டியில் அச்சிட்டதும் பாத்திக்கு வந்து சேர்ந்ததும்

மழை பொய்த்த இளவேனிலில் காய்கறிப் பாத்தியைக் காப்பாற்றுவது முழுக்கோடையில் காப்பாற்றுவதைவிடக் கடினம் என்பது என் கருத்து. நாற்று அப்போதுதான் நடப்பட்டிருக்கும். வேர் மேல்மண்ணைத் தாண்டி இறங்கியிருக்காது. காற்றும் வெயிலும் முதலில் உலர்த்துவதோ அந்த மேல்மண்ணைத்தான். அத்தகைய பருவத்தை எண்ணியே, வீட்டுத் தோட்டத்துக்கென விற்கப்படும் சொட்டுநீர்த் தொகுப்பு ஒன்றை வாங்கி, தக்காளி, கத்தரி, அவரை, கீரை வளரும் பாத்திகளில் பொருத்தினேன். பெட்டிக்குள் 16 மி.மீ. கறுப்புக் குழாய், 4 மி.மீ. கிளைக்குழாய், நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் டிரிப்பர்கள், வலை வடிகட்டி, துளைபோடும் கருவி, முனை மூடிகள், பேட்டரியில் ஓடும் டைமர் ஆகியவை இருந்தன. ‘குழாய் இணைப்புக்கும் தொட்டிக்கும் ஏற்றது’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தார்கள். நான் தொட்டியில்தான் இணைத்தேன் என்பதால், இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த ஒரு வரியைப் பற்றியதாகவே இருக்கும்.

ஒவ்வொரு டிரிப்பரிலும் மணிக்கு 4 லிட்டர் என்று பொறித்திருக்கிறது. அது ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் கிடைக்கும் அளவு. அந்த அழுத்தம் வேண்டுமானால் தொட்டியின் நீர்மட்டம் பாத்தியைவிட 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கல் அடுக்கி அதன்மேல் ஏற்றிய தொட்டியில் 1 மீட்டர் உயரம், அதாவது 0.1 பார் கிடைத்தாலே பெரிது. இத்தொகுப்பில் உள்ளவை அழுத்தத்தைத் தாமே சமன்செய்துகொள்ளாத சாதாரண டிரிப்பர்கள். இவற்றில் நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறைவதால், அழுத்தம் பத்தில் ஒன்றாகும்போது நீர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, மணிக்கு 1.25 லிட்டர் அளவில் வருகிறது. டிரிப்பருக்கு அடியில் குவளை வைத்துப் பிடித்துப் பார்த்தபோதும் இதை ஒட்டிய அளவே தேறியது.

கையேடோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் 10 நிமிடம் திறந்தால் போதும் என்கிறது. காய்கறிக்கு வாரத்துக்கு 25 மி.மீ. நீர், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. டிரிப்பர்களைக் குறுக்கும் நெடுக்குமாக 30 செ.மீ. இடைவெளியில் வைத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 11 அமையும். முழு அழுத்தத்தில் கையேட்டின் நேரப்படி அந்த 25 லிட்டர் வந்துவிடும். தொட்டியில் அதே நேரத்துக்கு 8 லிட்டர்தான் வரும். ஆபத்து என்னவென்றால், இந்தக் குறை மேலே தெரிவதில்லை. ஒவ்வொரு டிரிப்பரைச் சுற்றியும் மண் கறுத்து, வட்டமாக, பார்க்கத் திருப்தியாகவே இருக்கிறது. விரலை விட்டால் இரண்டாவது கணுவுக்குக் கீழே மண் பொடியாக உதிர்கிறது. நட்ட புதிதில் சிறிது சிறிதாக அடிக்கடியும், வேர் பிடித்த பிறகு வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மணி நேரமும் திறந்துவிடுவதே தொட்டிக்காரர்களுக்குச் சரியாக வரும். நண்பகலில் இலை துவள்வதைக் கண்டு பதற வேண்டியதில்லை. காலையிலும் துவண்டிருந்தால்தான் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

டைமரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதற்கில்லை. அதன் உள்ளே இருப்பது சவ்வு வால்வு. குழாயிலுள்ள நீரின் அழுத்தமே அந்தச் சவ்வைத் தூக்கித் திறக்க வேண்டும். தொட்டி நீருக்கு அந்த வலு இல்லாததால், குறித்த நேரத்தில் ‘டக்’கென்ற ஓசை மட்டும் கேட்கிறது, நீர் வருவதில்லை. இதை அறிந்துகொண்டே ‘தொட்டிக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டிருந்தால் அது வாங்குபவரை ஏமாற்றும் செயல்தான். டைமரைக் கழற்றிவிட்டுக் கையால் திறந்து மூடிய பிறகே மற்ற பாகங்களின் தரம் எனக்குத் தெரியவந்தது.

அந்தத் தரம் உண்மையிலேயே நன்று. துளைபோடும் கருவி பிசிறில்லாமல் வெட்டுகிறது. கிளைக்குழாயின் முனையைச் சற்று நேரம் வெந்நீரில் வைத்து எடுத்தால் இணைப்பியில் இறுகப் பொருந்தி, பிறகு கசிவதில்லை. குழாய் கறுப்பாக இருப்பதால் ஒளி புகாது, உள்ளே பாசி பிடிக்காது. திறந்த தொட்டியிலிருந்து வரும் பாசியையும் தூசியையும் வலை வடிகட்டி தடுக்கிறது. அதைத் திருகிக் கழற்றி அலசுவது எளிது. அலச மறந்தால் வரிசையின் கடைசி டிரிப்பர்தான் முதலில் வறளும். முனை மூடியை அவ்வப்போது திறந்து குழாயையும் கழுவிவிடுவது நல்லது.

சீரான ஈரத்தின் பலன் தக்காளியில் தெளிவாகத் தெரிகிறது. மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்து கிடந்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் அடிப்புறம் கறுத்து அழுகும். இந்தப் பாத்தியில் அப்படி எதுவும் காணவில்லை. களிமண்ணில் நீர் பக்கவாட்டில் பரவும், மணலில் நேரே கீழே இறங்கிவிடும் என்பதால், மணற்பாங்கான நிலத்தில் டிரிப்பர்களை இன்னும் நெருக்கி வைக்க வேண்டியிருக்கும். குழாயின் மேல் சருகையோ வைக்கோலையோ மூடாக்காகப் பரப்பாவிட்டால் சொட்டிய நீரில் கணிசமான பங்கு காற்றோடு போய்விடும். கையேடு இதைக் குறிப்பிடவே இல்லை.

நேரடியாக விதைக்கும் கீரைக்கும் கேரட்டுக்கும் இத்தொகுப்பு உதவாது. இரு டிரிப்பர்களுக்கு இடையே மேல்மண் காய்ந்தே கிடப்பதால் விதை திட்டுத்திட்டாகத்தான் முளைக்கும். முளைத்து வேர்விடும் வரை பூவாளிதான் கதி.

டைமர் இல்லாமல் இதே குழாயும் டிரிப்பரும் தனியே கிடைக்குமானால் தொட்டி வைத்திருப்பவர்கள் தயங்காமல் அவற்றையே வாங்கலாம். தானியங்கித் திறப்பு கட்டாயம் வேண்டும் என்பவர்கள், சவ்வுக்குப் பதிலாக, துளையுள்ள உருண்டையை மோட்டார் திருப்பித் திறக்கும் ‘பால் வால்வு’ (ball valve) உடைய டைமர்தானா, அழுத்தமே இல்லாத நீரிலும் திறக்குமா என்று கடையில் கேட்டு உறுதிசெய்துகொண்டு அதைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.