திலாப்பியா குளத்துல குஞ்சு பெருகாம இருக்க: மருந்து குஞ்சா, கையால பிரிக்கிறதா, விராலா?

இலங்கை மலையகத்துல புசல்லாவ பக்கம், எங்க தோட்டத்து லயத்துக்கு (லைன் வீட்டுக்கு) கீழ, பீலித் தண்ணி கானுக்கு, அதாவது வடிகாலுக்கு, விழுற எடத்துல 30 அடிக்கு 20 அடி குளம் ஒண்ணு வெட்டி மூணு வருசமா திலாப்பியா வளக்குறேன். இந்த மீன் குஞ்சு பொரிக்கிற வேகம் வளத்தவங்களுக்கு தெரியும். ரெண்டு மூணு மாசத்துல வயசுக்கு வந்துரும், தாய் முட்டைய வாயிலயே வச்சிக் காப்பாத்துறதால முக்காவாசி தப்பிச்சிரும், அப்பறம் நாம போடுற தவிடு புண்ணாக்கு எல்லாம் குஞ்சுக்குத்தான், பெரிய மீன் உள்ளங்கை அளவுலயே நின்னுரும். 1952ல நாட்டுக்கு கொண்டாந்த பழைய மொசாம்பிக் வகை இதுல ரொம்ப மோசம், நைல் வகை கொஞ்சம் பரவால்ல.

மொதல்ல எல்லாரும் சொல்றது மருந்து குஞ்சு, அதாவது எல்லாமே ஆணா இருக்குற மோனோசெக்ஸ். பொரிச்ச குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில 60 மில்லிகிராம் மீத்தைல் டெஸ்டோஸ்டெரோன்ங்கிற ஆண் ஹார்மோன் கலந்து மூணு நாலு கெழம குடுத்தா பெட்டையாகப் போறதும் ஆணாயிரும், சரியா செஞ்சா நூத்துக்கு 95க்கு மேல ஆண்தான். எங்கம்மா "ஊசி போட்ட மீனு"ன்னு தட்டுல தொடவே மாட்டேன்னாங்க, ஆனா அந்த மருந்து சுண்டு விரல் நகத்தளவு குஞ்சா இருக்கும்போதே நிறுத்திருவாங்க, நாம திங்க மாசக்கணக்காகும், அதுக்குப் பயப்பட வேண்டாம்.

எனக்கு அதுல வந்த தொல்ல வேற. ஒரு வருசம் மோனோசெக்ஸ்னு சொல்லி ஒருத்தர்கிட்ட 300 குஞ்சு வாங்குனேன், நாலாம் மாசம் காலையில தீனி போடப் போனா கரையோரம் பொடிக்குஞ்சு கூட்டம் கூட்டமா நிக்குது. அவர் குடுத்தது கலப்பா, இல்ல முந்தின போகத்துல குளத்து சேத்துல தங்குன குஞ்சான்னு எப்பிடி கண்டுபிடிக்கிறது? வாங்குன குஞ்சும் ஒரு கிராம், சேத்துல தங்குனதும் ஒரு கிராம், ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்.

இதுக்காகத்தான் நான் கையால பிரிக்கிற வழிக்கு மாறினேன். மேல சின்னதா ஒரு குளம், கீழ பெருசு. சாதா குஞ்ச மேல விட்டு 40 கிராம் வந்ததும் பிரிச்சு ஆண மட்டும் கீழ விடுறேன். கீழ குளத்துல 40 கிராமுக்கு சின்னதா எது ஓடினாலும் அது வெளியாளு, அன்னைக்கே தெரிஞ்சிரும், நாலு மாசம் தீனி போட்டு ஏமாற வேண்டியதில்ல.

பிரிக்கிறது மந்திரமில்ல. மீன ஈரத் துணியில மல்லாக்கப் புடிச்சு, வயித்துக்கடியில ஒரு சொட்டு ஜென்ஷன் வயலட் (புண்ணுக்கு போடுற ஊதா மருந்து) விட்டு தொடச்சா ஓட்ட பளிச்சுனு தெரியும். ஆணுக்கு ரெண்டு, பெட்டைக்கு மூணு, அதுல நடுவுல உள்ளது குறுக்க ஒரு கோடு மாதிரி இருக்கும். மொத அம்பது மீனுக்கு கண்ணு வலிக்கும், அப்பறம் பழகிரும். நானும் வீட்டுக்காரியும் ஒரு ஞாயித்துக்கெழம 300 மீன் பாத்தோம், ரெண்டு பேர் விரலும் ஒரு கெழம ஊதாவா இருந்துச்சு, மறுநாள் வேலைக்கு பேர் குடுக்குற பெரட்டுக்களத்துல அவள கேலி பண்ணாத ஆளில்ல. நட்டமும் இருக்கு, பாதி மீன் பெட்ட, மூணு மாச தீனி அதுலயே போகுது. பொரிச்சுத் திங்கலாம், முள்ளுதான் நெறைய. அம்மா இத மட்டும் தின்னாங்க.

விரால் விடுறத நான் செஞ்சு பாக்கல, பக்கத்து டிவிஷன்ல ஒரு அண்ணே விட்டத பாத்தத வச்சு சொல்றேன். குஞ்ச நல்லா தின்னுச்சு, அது உண்ம. ஆனா திலாப்பியா பெருசானப்பறம் சின்ன விராலா பாத்து விடணும், இல்லாட்டி நாம வளக்குறதயே முழுங்கிரும். வைகாசி மழையில குளம் ரொம்பி வழிஞ்ச ராத்திரி ரெண்டு விரால் கான் வழியா எறங்கிப் போயிருச்சு.

நுவரெலியா மாதிரி உச்சிக் குளிருல இந்த தலவலியே இல்ல, தண்ணி 20 டிகிரிக்கு கீழ போனா முட்ட போடாது. மீனும் வளராது, அது வேற கத.

எந்த வழின்னாலும் ஒரு போகம் முடிஞ்சா குளத்த வடிச்சே ஆகணும். மலைச்சரிவு நமக்கு இதுல கை குடுக்குது, அடியில ஒரு பைப் வச்சா பம்பு இல்லாம தானா கானுக்கு எறங்கிரும். வடிஞ்சப்பறம் பாத்தா தரையெல்லாம் சட்டி சட்டியா குழி இருக்கும், ஆண் மீன் தோண்டுன கூடு. அந்தக் குழித் தண்ணிலயும் நண்டு வளையிலயும்தான் குஞ்சு ஒளிஞ்சிருக்கும், சுண்ணாம்பு தூவி ஒரு கெழம வெயில் காயவிட்டுட்டுத்தான் தண்ணிய திருப்புறேன். போன தடவ 140 ஆண்னு எண்ணி விட்டதுல ரெண்டு பெட்ட மாட்டுச்சு. ஒண்ண வலையில தூக்குனப்ப வாயிலருந்து மஞ்சளா முட்ட கையில கொட்டுச்சு. அந்த ரெண்டையும் பிரிச்சது யாருன்னு வீட்டுல இன்னும் வழக்கு ஓடுது.