அக்குறா 1.6 ஈஎல்லைப் பதிக்க என்ன பூட்டலாம்: ஸ்பிறிங்கா, கோனியா, கொயிலோவரா?

போன மாதம் ஒரு தம்பி கேட்டான், "அண்ணை, நேரா கொயிலோவர் வாங்கட்டோ, இல்லாட்டி ஸ்பிறிங் மட்டும் போட்டாக் காணுமோ?" அவன் கேட்டது காரைப் பதிப்பது, அதாவது காரின் உயரத்தைக் குறைப்பது பற்றி. ஷொக் என்பது ஸ்பிறிங்கின் துள்ளலை அடக்குகிற குழாய், கோனி அதைச் செய்கிற ஒரு கொம்பனி, கொயிலோவர் என்றால் ஸ்பிறிங்கும் ஷொக்கும் ஒரே செட்டாக வந்து திருகி உயரத்தை மாற்றக்கூடிய சாமான். அவனிடம் 1998 சிவிக் ஹச்பாக். என்னிடம் 1999 அக்குறா 1.6 ஈஎல். வாசலில் நின்று பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இருந்து எழுதுகிறேன்.

1.6 ஈஎல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவில் மட்டும் விற்ற கார், 1997 முதல் 2000 வரையான மொடல்கள், ஒன்ராறியோ அலிஸ்ரனில் ஹொண்டாவின் தொழிற்சாலையில் செய்தது. மேலே அக்குறா, அடியில் அந்தக் காலத்துச் சிவிக் செடான். அதனால் 1996–2000 சிவிக்குக்கு விற்கிற ஷொக்கும் ஸ்பிறிங்கும் இதற்கும் பொருந்தும், நான் சொல்வதைச் சிவிக் வைத்திருப்பவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நான்கு சில்லுக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலே ஒரு கை, கீழே ஒரு கை. 2001 சிவிக்கில் முன்பக்கம் மேல்கை இல்லாத மக்ஃபர்சன் ஸ்ரற் வந்துவிட்டது. பழைய சிவிக்கை இன்னும் தேடுகிற ஆட்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்த அமைப்பில் ஒரு விஷயம் உண்டு. காரை அளவுக்கு மிஞ்சிப் பதித்தால் முன்பக்க மேல்கைக்குப் போக இடம் இல்லை, குழியில் விழும்போது உள்ளே காரின் உடம்பில் போய் இடிக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமான் என்றாலும் இது மாறாது. எனவே "எவ்வளவு பதிக்கலாம்" என்ற கேள்விக்கு என் பதில் முதலிலேயே: தினமும் ஓடுகிற காருக்கு ஒன்றரை அங்குலம், அதாவது 35 முதல் 40 மில்லிமீற்றர். இரண்டு அங்குலத்துக்கு மேல் போகிறவர்கள் இங்கே ரொறன்ரோவின் ஸ்காபுறோ வீதிகளில் வசந்தகாலத்தில் திறக்கிற குழிகளையும், பனி வழிக்கிற வண்டி வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போகிற அந்தக் கட்டிப் பனிவரம்பையும் ஒருக்கா நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

ஸ்பிறிங்கை வெட்டுவது பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிறிங்கில் ஒன்றை வெட்டினால் ஐந்து, இறுக்கம் இருபது சதவீதம் கூடும், இது சாதாரணக் கணக்கு. ஆனால் இருபது சதவீதம் கூடின இறுக்கம் அந்த அளவு பதிந்த காரைத் தாங்கப் போதாது, ஷொக் அடிக்கடி அடியில் போய் முட்டும். தவிர வெட்டின முனை இருக்கையில் ஒழுங்காகக் குந்தாது. காரைத் தூக்கும்போது ஸ்பிறிங் இடம் விலகக்கூடும். வேண்டாம்.

அடுத்தது பழைய ஷொக்கின் மேல் போட்டு, வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றுகிற மலிவுத் திருகுக் குழாய். இதை நான் அனுபவித்தேன். இருபத்திரண்டு வயதில் பெயரில்லாத ஒரு செட்டை இணையத்தில் வாங்கி என் முதல் சிவிக்கில் பூட்டினேன். காரைப் பதித்தது உண்மை. ஆனால் ஸ்பிறிங் இறுக்கம், ஷொக் பழையது, ஒவ்வொரு தண்டவாளத்திலும் கார் இரண்டு மூன்று தரம் துள்ளிவிட்டுத்தான் அடங்கும். இரண்டு வின்ரருக்குப் பிறகு அந்தத் திருகு வளையம் ஒன்றும் அசையவில்லை. இடப்பக்கம் ஒரு உயரம், வலப்பக்கம் ஒரு உயரம், அப்படியே கறள் பிடித்து நின்றது. உயரத்தை மாற்றலாம் என்பதற்காக வாங்கிய சாமான் மாற்ற முடியாமல் போனதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன், இன்றைக்கும் என் தெரிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

இனி உண்மையான போட்டி. ஒரு பக்கம் பதிக்கும் ஸ்பிறிங்கும் நல்ல ஷொக்கும், மறுபக்கம் முழுக் கொயிலோவர்.

ஸ்பிறிங் என்றால் என் பார்வையில் இரண்டு பெயர்: ஐபாக் புறோ கிற், எச் அண்ட் ஆர் ஸ்போர்ட். ஐபாக்கில் ஸ்போர்ட்லைன் என்று இன்னும் பதிவான ஒன்றும் உண்டு, ஏறத்தாழ இரண்டு அங்குலம், நான் மேலே சொன்ன காரணத்துக்காக அதை விடுகிறேன். புறோ கிற் படிப்படியாக இறுகுகிற ஸ்பிறிங். சின்ன மேடு பள்ளத்தில் மென்மையாக இருக்கும், பாரம் ஏற ஏற இறுகும். அம்மா அப்பாவைக் கோயிலுக்கு ஏற்றிப் போகிற கார் என்றால் இந்தக் குணம் பெரிய விஷயம். எச் அண்ட் ஆர் கொஞ்சம் கூட இறுக்கமாக எனக்குப் பட்டது, நண்பன் ஒருவனின் காரில் ஓடிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். ஸ்பிறிங்கை மட்டும் வாங்கிப் பழைய ஷொக்கிலேயே பூட்டிவிடுகிறார்கள். இருபத்தைந்து வருடத்து ஷொக் முதலே களைத்துப்போயிருக்கும். இறுக்கமான ஸ்பிறிங் அமுங்கித் திரும்பி விரியும்போது அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த அதனால் முடியாது. இன்னொன்று, அமுங்குவதற்கு 70 மில்லிமீற்றர் மிச்சம் இருந்த ஷொக்கில் நீங்கள் 40ஐப் பதித்தாலே எடுத்துவிட்டீர்கள் என்றால் மீதி 30தான், அதிலும் ஷொக் அடியில் முட்டாமல் தடுக்கிற பம்ப் ஸ்ரொப் றப்பர் ஒரு பங்கை விழுங்கும். "பதித்த கார் இடிக்கிறது" என்று சொல்கிற பலருடைய காரில் உண்மையில் ஸ்பிறிங் வேலையே செய்யவில்லை, அவர்கள் அந்த றப்பர் துண்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஷொக்கில் மூன்று படி பார்க்கலாம். கேவைபி எக்செல் ஜீ தொழிற்சாலை ஷொக்குக்கு மாற்றாகச் செய்தது. புறோ கிற்றோடு கொஞ்சக் காலம் ஓடும், ஆனால் இது அதற்காகச் செய்ததில்லை. கோனியின் செம்மஞ்சள் நிற எஸ்ரிஆர்.ரி மிதமாகப் பதித்த ஸ்பிறிங்குக்கென்றே செய்தது, திருகுவதற்கு ஒன்றும் இல்லை, போட்டுவிட்டு மறந்துவிடலாம். அதற்கு மேலே கோனி ஸ்போர்ட், எல்லோரும் மஞ்சள் கோனி என்று சொல்வது. இதில் ஷொக் திரும்பி விரிகிற வேகத்தைத் திருகி மாற்றலாம். ஸ்பிறிங் குந்துகிற தட்டுக்கு உடம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட காடி வெட்டியிருக்கிறார்கள், தட்டைக் கீழ்க் காடிக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் பதியும். திருகு மரை கிடையாது, ஒரு வளையம் மட்டும்தான். வின்ரரில் வீதிக்குப் போடுகிற உப்புக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.

கோனியின் மேல் கிறவுண்ட் கொன்ட்றோல் குழாய் போடுவது இன்னொரு வழி. மரை வெட்டிய அலுமினியக் குழாயைக் கோனியின் உடம்பில் இறக்கி, வேண்டிய இறுக்கத்தில் ஐபாக்கின் நேர் ஸ்பிறிங்கைத் தெரிந்து போடலாம். நல்ல ஷொக், நினைத்த ஸ்பிறிங், நினைத்த உயரம். ஓட்டப்பாதைக்குப் போகிறவர்கள் இதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு இருந்தால் என்ன நடக்கும் என்று இங்கே கார் வைத்திருக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வின்ரரில் வெளியே எடுக்காத கார் என்றால் இதுதான் என் முதல் தெரிவாக இருந்திருக்கும்.

இப்போது கொயிலோவர். பிசி றேசிங் பிஆர் செட்டை எடுத்துக்கொள்வோம், தம்பி கேட்டதும் அதைத்தான். மொனோரியூப் (ஒற்றைக் குழாய்) ஷொக், அதன் இறுக்கத்தை 30 படி திருகலாம். உயரத்தை அடிப்பகுதியைத் திருகி மாற்றுவதால், பதிக்கும்போது ஷொக் அமுங்குகிற தூரம் குறையாது, ஸ்பிறிங்கின் முன்னழுத்தமும் மாறாது. இது உண்மையான நன்மை, குறைத்துச் சொல்லக் கூடாது. சில மலிவான செட்டுகளில் ஸ்பிறிங் இருக்கையை மட்டும் இறக்கித்தான் பதிக்க முடியும், அங்கே மறுபடியும் அதே 70இல் 40 கதைதான். பிசி வாங்கும்போது ஸ்பிறிங்கின் இறுக்கத்தை உங்களுக்கு ஏற்ற மாதிரிச் சொல்லிச் செய்விக்கலாம், ஷொக் பழுதானால் அதை மட்டும் தனியாக வாங்கலாம்.

குறை என்ன என்றால், சொல்லாமல் விட்டால் வருகிற ஸ்பிறிங் தொழிற்சாலை ஸ்பிறிங்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இறுக்கம். 401 நெடுஞ்சாலையில் பாலத்து இணைப்புகள் ஒவ்வொன்றும் முதுகில் தெரியும். ஷொக்கை எத்தனை படி மென்மையாக்கினாலும் ஸ்பிறிங்கின் இறுக்கம் குறையாது, இதை விளங்காமல் திருகிக்கொண்டே இருக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பார்த்தால் நான்கு மஞ்சள் கோனியும் புறோ கிற்றும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு பிஆர் செட்டின் காசு. அப்ப கேள்வி, அதே காசுக்கு எது? கொயிலோவர் வாங்கினவர்களில் எத்தனை பேர் முதல் மாதத்துக்குப் பிறகு உயரத்தை மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் வட்டத்தில் ஒருவன் மட்டும், அவன் வருடத்தில் நாலு தரம் ஓட்டப்பாதைக்குப் போகிறவன். மற்ற எல்லோரும் ஒரு உயரத்தில் வைத்து அப்படியே விட்டவர்கள். ஒருதரம் மட்டும் பாவிக்கிற வசதிக்கு ஒவ்வொரு வின்ரரும் பராமரிப்பு வேலை கொடுப்பதைவிட, அந்தக் காசு ஷொக்கின் தரத்துக்குள் போவது எனக்குச் சரியாகப் படுகிறது. நான் பூட்டியது மஞ்சள் கோனியும் புறோ கிற்றும். முன்பக்கம் 38, பின்பக்கம் 33 மில்லிமீற்றர் பதிந்தது, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை முன்னும் பின்னும் அளந்து எழுதி வைத்தேன். நாலு வின்ரர் முடிந்துவிட்டது.

கொயிலோவர்தான் வேண்டும் என்று மனம் நிற்கிறதா, வாங்குங்கள், ஆனால் பூட்டும் முன்பே மரை முழுக்க அன்ரி சீஸ், அதாவது மரை கறள் பிடித்து இறுகாமல் காக்கிற பசை, பூசுங்கள், ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வளையங்களைக் கழுவி அரைச் சுற்றாவது அசைத்துவிட்டுக் கறள் தடுக்கும் எண்ணெய் அடியுங்கள். கையில் தாராளமாகக் காசு இருந்தால் கேடபிள்யூ கொயிலோவரின் உடம்பு துருவேறா உருக்கு, இந்த ஊருக்கு அது பொருத்தம்.

எதை வாங்கினாலும் மிச்சம் வைக்க வேண்டிய காசு ஒன்று உண்டு, அதுதான் றப்பர். இந்தக் காரில் பின்பக்க ட்றெயிலிங் ஆர்ம் புஷ், அதாவது பின்சில்லைப் பிடிக்கிற நீளக் கை காரோடு சேருகிற இடத்து றப்பர், இத்தனை வருடத்தில் கிழியாமல் இருந்தால் அதிசயம். அது கிழிந்திருந்தால் பின்சில்லு தன்பாட்டுக்குத் திரும்பும், எந்த அலைன்மென்ரும் (சில்லுகளின் கோணத்தைச் சரிப்படுத்துவது) நிற்காது. சில்லின் சாய்வைத் திருத்துகிற கம்பர் கிற் வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றரை அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை பாகைதான் சில்லின் தலை உள்ளே சாயும், தேவையில்லை. ரயரைத் தின்பது பெரும்பாலும் ரோ, அதாவது சில்லின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பியிருக்கிற அளவு. பதித்தவுடன் அது மாறிவிடும். எனவே ஸ்பிறிங் குந்துவதற்கு ஒன்றிரண்டு கிழமை விட்டு அலைன்மென்ர் செய்யுங்கள், அதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வேலை நாளைக்கு ஒரு முழுச் சனிக்கிழமையை ஒதுக்குங்கள். முன்பக்க ஷொக்கின் கீழ்க் கவட்டையில் போகிற நீள போல்ற்றும், பின் கீழ்க்கை போல்ற்றும் புஷ்ஷுக்குள் கறள் பிடித்து நிற்கும். மூன்று நாள் முன்பிருந்தே எண்ணெய் அடியுங்கள், புது போல்ற்றை முதலே வாங்கி வையுங்கள், வெட்டி எடுக்க வேண்டி வந்தாலும் வரும். திரும்பப் பூட்டும்போது புஷ் இருக்கிற போல்ற்றுகளைக் கார் தூக்கியபடி இறுக்க வேண்டாம். ஜக்கைக் கீழ்க்கைக்கு வைத்துச் சில்லைக் கார் நிலத்தில் நிற்கிற உயரத்துக்கு ஏற்றி, அந்த நிலையில் இறுக்குங்கள். தொங்கவிட்டபடி இறுக்கினால் புது றப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடந்து ஒரு வருடத்துக்குள் கிழிந்துவிடும். என் காரில் வலப்பக்கப் பின்புஷ் அப்படித்தான் போனது, அந்தப் பக்கத்து வேலையை இரண்டாம் தரமும் செய்தேன்.