சிப்பாயைக் கொடுக்கத் தெரிந்த இன்ஜின் எது? ஸ்டாக்ஃபிஷ், லீலா ஒரு சோதனை

ராணியை வெட்டக் கொடுத்து மேட் செய்யும் புதிர்களை வைத்து இன்றைய செஸ் இன்ஜினை (நகர்வுகளைக் கணக்கிட்டு மதிப்பிடும் நிரலை) சோதிப்பதில் பயனில்லை; கண் இமைப்பதற்குள் விடை வந்துவிடும். ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு உடனே எதையும் வாங்காமல், காய்கள் நிற்கும் இடத்தை மட்டும் நம்பி இருபது நகர்வு ஆடுகிற நிலைதான் சரியான கேள்வித்தாள். அதற்கு 1985 மாஸ்கோ உலகச் சாம்பியன் போட்டியின் 16ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கார்ப்போவ் வெள்ளை, காஸ்பரோவ் கறுப்பு.

1.இ4 சி5 2.குதிரை எஃப்3 இ6 3.டி4 சி×டி4 4.குதிரை×டி4 குதிரை சி6 5.குதிரை பி5 டி6 6.சி4 குதிரை எஃப்6 7.பி1 குதிரை சி3 ஏ6 8.குதிரை ஏ3. இங்கே காஸ்பரோவ் 8...டி5 தள்ளினார் (மூன்று புள்ளி கறுப்பின் நகர்வு, × வெட்டு). 9.சி×டி5 இ×டி5 10.இ×டி5 குதிரை பி4 11.பிஷப் இ2 பிஷப் சி5. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அதிகம். 12ஆவது நகர்வில் இருவரும் கேஸ்லிங் செய்ய, 13.பிஷப் எஃப்3 பிஷப் எஃப்5 என்று ஆட்டம் போனது. 16ஆவது நகர்வில் டி3 கட்டத்தில் வந்து உட்கார்ந்த கறுப்புக் குதிரை, 34ஆவது நகர்வில் கார்ப்போவ் ராணியைக் கொடுத்து வெட்டும்வரை அசையவில்லை. சி1, இ1 இரண்டும் அதன் பிடியில் இருந்ததால் வெள்ளை யானைகளுக்கு வழியில்லை. ஏ4, பி1 குதிரைகள் ஓரத்தில் முடங்கின. 40 நகர்வில் கறுப்பு வென்றது.

ஆனால் இந்தத் தியாகம் முழுக்கச் சரியானதல்ல. வெள்ளை கேஸ்லிங் செய்யாமல் 12.பிஷப் இ3 வைத்திருந்தால் கறுப்புக்குச் சிக்கல். 12...பிஷப்×இ3 13.ராணி ஏ4 செக், குதிரை டி7 14.ராணி×பி4 பிஷப் சி5 15.ராணி இ4 செக், ராஜா எஃப்8. கறுப்பின் கேஸ்லிங் போச்சு, சிப்பாயும் திரும்பி வரவில்லை. 1986இல் பிரஸ்ஸல்ஸில் வான் டெர் வீலுக்கு எதிராகக் கார்ப்போவே 12.பிஷப் இ3 ஆடி வென்றார். எனவே 8...டி5-ஐ இன்ஜின் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்காக முட்டை மதிப்பெண் போடுவது அநியாயம். எந்தக் காரணத்துக்காக மறுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் தயாரிப்பு. பலகையில் காய்களைக் கையால் அடுக்காதீர்கள். 8.குதிரை ஏ3 வரை நகர்வுகளை ஒன்று முதல் வரிசையாகப் போடுங்கள். கையால் அடுக்கும்போது கேஸ்லிங் உரிமையைக் குறிக்க மறந்தால், இருவருமே கேஸ்லிங் செய்யாத இந்த நிலையில் மதிப்பீடு முழுக்கத் தப்பாகிவிடும். செயலியின் ஓப்பனிங் புத்தகத்தை (சேமித்து வைத்த தொடக்க நகர்வுகளை) அணைத்துவிடுங்கள். லிசெஸ் தளத்தில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரபலமான ஓப்பனிங் நிலைகளுக்கு அங்கே காட்டப்படுவது கிளவுடில் சேமித்து வைத்த மதிப்பீடாக இருக்கலாம். அது உங்கள் கணினி யோசித்தது அல்ல.

ஸ்டாக்ஃபிஷைத் தரவிறக்கி அப்படியே ஓட்டினால் ஹேஷ் (ஆராய்ந்த நிலைகளை நினைவில் வைக்கும் இடம்) 16 எம்பி, திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கீட்டு இழை) ஒன்று. ஆழமான ஆய்வுக்கு ஹேஷை 1024 ஆக்கி, திரெட்டை கோர்களின் எண்ணிக்கைக்கு உயர்த்தலாம். ஆனால் பல திரெட்டில் ஓடும்போது ஒரே நிலைக்கு ஒவ்வொரு முறையும் சற்று வேறு விடை வரும். ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் ஒரே திரெட், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஹேஷைத் துடைப்பது, நேரத்துக்குப் பதில் முனைகளின் (இன்ஜின் ஆராயும் நிலைகளின்) எண்ணிக்கையை வரம்பாக வைப்பது. துடைக்காமல் 8...டி5 ஆடிப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்து மறுபடி கேட்டால், விடையை முன்கூட்டிக் காட்டிக்கொடுத்த மாதிரிதான்.

மல்டிபிவி (எத்தனை நகர்வு வரிகளைக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு) 4 அல்லது 5 வைக்கவும். ஒற்றை வரியில் ஓடும்போது ஸ்டாக்ஃபிஷ் பட்டியலில் பின்னால் வரும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்திலேயே தட்டிக்கழித்துவிடும். டி5-க்கு என்ன மதிப்பெண் என்றே தெரியாது. மல்டிபிவி தேடலை மெதுவாக்கும் என்பதால் கூடுதல் நேரம் கொடுங்கள்.

ஸ்டாக்ஃபிஷ் 8...பிஷப் இ7 போன்ற அமைதியான நகர்வை மேலே வைத்து டி5-ஐக் கீழே தள்ளும். 11...பிஷப் சி5 வரை ஆடிவிட்டு வெள்ளையின் நகர்வைக் கேளுங்கள், 12.பிஷப் இ3-ஐ முன்னால் நிறுத்துகிறதா? அதன் பிறகு கார்ப்போவ் ஆடியபடியே கேஸ்லிங் செய்து, 16...குதிரை டி3 வரை ஒவ்வொரு நகர்வாகக் கொண்டுபோங்கள். சிப்பாய் குறைவாக இருந்தும் மதிப்பீடு கறுப்பின் பக்கம் சாய வேண்டும். இந்த இரண்டு இடத்திலும் இன்றைய ஸ்டாக்ஃபிஷைக் குறை சொல்ல முடியாது.

இங்கே பலர் இடறுவது மதிப்பெண்ணைப் படிப்பதில். ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து +1.00 என்பது ஒரு சிப்பாயின் விலை அல்ல. வெல்லும் வாய்ப்பு 50 சதவீதம் என்று பொருள். பழைய பதிப்பின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. வெற்றி, டிரா, தோல்வி வாய்ப்புகளைக் காட்டும் விருப்பத்தைப் போட்டுக்கொண்டால் குழப்பம் குறையும்.

நியூரல் வலை (பயிற்சியால் தானே கற்ற மதிப்பீடு) என்ன மாற்றியது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் ஸ்டாக்ஃபிஷின் 12 முதல் 15 வரையான பதிப்புகளில் ஒன்றை எடுங்கள். அவற்றில் என்என்யுஇ எனும் அந்த வலையை அணைத்தால் மனிதர்கள் கையால் எழுதிய பழைய மதிப்பீடு ஓடும். 16.1இல் அந்தப் பழைய பகுதியே நீக்கப்பட்டது.

முழுக்க நியூரல் வலையை நம்பி ஆடும் இன்ஜினான லீலாவின் வழி வேறு. ஒவ்வொரு நகர்வின் விவரத்தையும் காட்டும் விருப்பத்தைப் போட்டால், யோசிக்கும் முன்பே டி5-க்கு அது எத்தனை சதவீத நம்பிக்கை வைத்தது என்பது தெரியும். உள்ளுணர்வைத் தனியாகவும் கணக்கீட்டைத் தனியாகவும் பார்க்கும் வசதி. இந்தச் சோதனைக்கென்றே செய்தது போலிருக்கிறது. தொல்லை என்னவென்றால் வலையைத் தனியாகத் தரவிறக்க வேண்டும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் பெரிய வலைகள் நத்தை வேகம்தான். ஸ்டாக்ஃபிஷின் முனை எண்ணிக்கையோடு இதன் எண்ணிக்கையை ஒப்பிடவும் கூடாது.

இரண்டாவது நிலையும் ஒன்று வேண்டும் என்றால் போட்வின்னிக்–காப்பபிளாங்கா ஆட்டம், 1938 ஆவ்ரோ போட்டித்தொடர்; போட்வின்னிக் வெள்ளை. 18...குதிரை பி3 வந்ததும் சி2 ராணிக்கும் ஏ4 சிப்பாய்க்கும் நடுவே குதிரை மறித்து நிற்கிறது. போட்வின்னிக் அதைக் கண்டுகொள்ளாமல் 19.இ4 தள்ள, காப்பபிளாங்கா ஏ4-ஐ வெட்டினார். தியாகம் ஒரே நகர்வில் நடக்காததால் இங்கே 'சிறந்த நகர்வு' தேர்வு செல்லாது. 17 முதல் 24 வரை மதிப்பெண்ணைக் குறித்து வாருங்கள். வெட்டியதும் கறுப்பின் பக்கம் குதித்துச் சில நகர்வு கழித்து மெல்லத் திரும்பினால், மையச் சிப்பாய்களின் பலத்தை இன்ஜின் தாமதமாகத்தான் உணர்ந்திருக்கிறது.

இரண்டு இன்ஜினும் இலவசம், திறந்த மூலம். காசு கொடுத்து வேறொன்று வாங்கும் முன் உள்ளே ஓடுவது எது என்று பாருங்கள். விலைக்கு விற்ற ஃபேட் ஃபிரிட்ஸ் 2 ஸ்டாக்ஃபிஷின் நிரலை வைத்தே செய்யப்பட்டது, அதன்மேல் நடந்த வழக்கு 2022இல் சமரசத்தில் முடிந்தது. சாதாரண மடிக்கணினிக்கு ஸ்டாக்ஃபிஷ் மட்டும் போதும். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் லீலாவையும் ஓட்டிப் பாருங்கள், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் அல்ல.