டர்ட் ராலி 2.0: சரளையில் வண்டி பேசும், தாரில் மழுப்பும்

2019 பிப்ரவரியில் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட ராலி கார்ப் பந்தய வீடியோ கேமான டர்ட் ராலி 2.0-வைப் பற்றி ஆடியவர்களிடம் கேட்டால் ஒரு சாரார், சரளைச் சாலையை இவ்வளவு நன்றாக வேறெந்த கேமிலும் பார்த்ததில்லை என்பார்கள். இன்னொரு சாரார், வண்டியின் நடு வயிற்றில் ஆணி அடித்துச் சுழற்றிவிட்ட மாதிரி திரும்புகிறது என்று குறைபடுவார்கள். இரண்டுமே சரிதான். முன்னவர் நியூசிலாந்திலோ போலந்திலோ ஓட்டியிருப்பார். பின்னவர் ஸ்பெயினின் தார்ச்சாலையிலிருந்து கடுப்போடு வந்திருப்பார். இந்த கேமை வாங்கலாமா என்று யோசிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

சரளையில் இதன் பலம், எடை எந்தச் சக்கரத்தின் மேல் இருக்கிறது என்பது கைக்குத் தெளிவாகத் தெரிவது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் மூக்கு அமுங்கும், முன்சக்கரம் மண்ணைக் கடிக்கும், பின்பக்கம் லேசாகிவிடும். மிதித்தால் நேர்மாறு. எல்லா ராலி கேமும் இதைச் செய்வதாகத்தான் சொல்லிக்கொள்ளும். இங்கே அது எவ்வளவு நேரத்தில் நடக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறுகிறது. ஃபோர்ட் எஸ்கார்ட் மார்க் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் எஞ்சின், பின்சக்கர டிரைவ், டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி) கிடையாது. நடுத்தர வேக இடது வளைவு ஒன்று வருகிறது என்றால், வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும். காலை எடுத்த கையோடு, வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பின்பக்கம் வெளியே நகரத் தொடங்கியதும் பாதி ஆக்ஸிலரேட்டர், எதிர்ப்பக்கம் கால் சுற்று ஸ்டியரிங். அந்த நிலையிலேயே வளைவு முழுக்க வண்டியைத் தாங்கிப் பிடிக்கலாம். முழுசாக மிதித்தால் வால் மூக்கை முந்திவிடும். பயந்துபோய்ச் சட்டென்று காலை எடுத்தால் இன்னும் மோசம்: பின்டயருக்குத் திடீரெனப் பிடிப்பு திரும்பி, வண்டி எதிர்ப்பக்கம் எகிறி மரத்தில் போய் முடியும். புதிதாக ஆடுபவர்கள் "காரணமே இல்லாமல் சுழல்கிறது" என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

முன்சக்கர டிரைவ் வண்டிகளுக்கு வேறு கணக்கு. லான்சியா ஃபுல்வியா, மினி கூப்பர், கோல்ஃப் ஜிடிஐ போன்றவற்றில் ஆக்ஸிலரேட்டரை விடாமலே இடது காலால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். இழுவை இருப்பதால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாது, பின்பக்கம் லேசாகித் திரும்பித் தரும். இதைச் செய்யாமல் ஸ்டியரிங்கை மட்டும் முறுக்கினால் வண்டி நேரே போய்க்கொண்டே இருக்கும். டயர் அலறும், திரும்பாது.

எண்பதுகளின் அதிசக்தி ராலி வகுப்பான குரூப் பி வண்டிகள் தனி உலகம். 1986-உடன் தடை செய்யப்பட்ட வகுப்பு என்பதால் எல்லோரும் முதலில் இவற்றைத்தான் எடுக்கிறார்கள், எல்லோரும் முதல் கிலோமீட்டரிலேயே பள்ளத்தில் கிடக்கிறார்கள். ஆடி குவாட்ரோ எஸ்1 இ2-வின் ஐந்து சிலிண்டர் எஞ்சின் மொத்தமும் முன்அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. டர்போ விழித்துக்கொள்ள நேரமெடுக்கும். ஆகவே வளைவின் நடுவில் மிதித்தால் சக்தி வளைவு முடிந்த பிறகுதான் வரும், அதற்குள் மூக்கு வெளியே போயிருக்கும். வளைவுக்குள் நுழையும்போதே, பிரேக்கில் இருக்கும்போதே, ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்து டர்போவைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். லான்சியா டெல்டா எஸ்4-இல் சூப்பர்சார்ஜரும் (எஞ்சின் சுழற்சியாலேயே இயங்கிக் காற்றைத் திணிப்பது) டர்போவும் இரண்டும் உண்டு, அதனால் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும். இந்த இரண்டையும் ஒரே ஸ்டேஜில் (நேரம் கணக்கிட்டு ஓட்டும் சாலைப் பகுதி) அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் சந்தேகமில்லாமல் தெரிகிறது. இந்த அளவு நுணுக்கத்துக்கு கோட்மாஸ்டர்ஸைப் பாராட்டியே ஆக வேண்டும். லான்சியா ஸ்ட்ராட்டோஸ் பற்றி ஒரு எச்சரிக்கை: வீல்பேஸ், அதாவது முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம், 2,180 மில்லிமீட்டர்தான், எஞ்சின் நடுவில். சுழலத் தொடங்கினால் திருத்த நேரமே தராது.

சாலை தேய்வது இந்த கேமின் இன்னொரு அசல் சரக்கு. முன்னால் போன வண்டிகள் சரளையைத் தள்ளித் தடம் பதித்துவிடுகின்றன. தொடக்க வரிசையில் பின்னால் இருந்தால் அந்தத் தடங்கள் ஆழமாக இருக்கும். கண்ணுக்கு மட்டும் தெரிகிற அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். தடத்துக்குள் சக்கரம் விழுந்தால் ஸ்டியரிங் அதன்போக்கில் இழுக்கும். வளைவின் உள்பக்கம் தடம் ஆழமாக இருந்தால் அதைப் பிடிமானமாகவே பயன்படுத்தலாம், சக்கரம் அதில் சாய்ந்துகொண்டு சுற்றி வந்துவிடும். குறுக்கே கடந்தால் வண்டி துள்ளும். தாழ்வாக செட்டப் செய்த வண்டி அடிவயிறு தட்டி நேராகப் போய்விடும். ஆகையால் பின்வரிசையில் கிளம்பும்போது வண்டியின் உயரத்தை ஒன்றிரண்டு படி ஏற்றிக்கொள்வது நல்லது.

வண்டியின் அமைப்புகளை மாற்றும் செட்டப் பக்கம் மிரட்டும் அளவுக்கு நீளம். ஆனால் தொடக்கத்தில் மூன்றைத் தொட்டால் போதும். ஒன்று, ஸ்பிரிங். பல வண்டிகளில் ஆரம்ப அமைப்பு சரளைக்குக் கொஞ்சம் விறைப்பு. அர்ஜென்டினாவின் கல்லும் குழியுமான ஸ்டேஜ்களில் அதைத் தளர்த்தி, வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் ஆன்டி ரோல் பாரையும் குறைத்தால் சக்கரம் தரையை விட்டு எழும்பாது. அதே தளர்வோடு நியூசிலாந்தின் மேடுகளில் பறந்தால், விழும்போது சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கி வண்டி எகிறும். அங்கே ஸ்பிரிங்கைத் தளர்வாகவே விட்டு, வேகமான அமுக்கத்துக்கான டேம்பரை (ஸ்பிரிங்கின் அசைவைக் கட்டுப்படுத்துவது) மட்டும் கூட்ட வேண்டும். இரண்டு, இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பங்கிடும் டிஃபரன்ஷியல். நான்கு சக்கர டிரைவ் வண்டி வளைவில் நுழைய மறுத்தால் முன்பக்க டிஃபரன்ஷியலின் பிரேக்கிங் லாக்கை (பிரேக்கின்போது இரு சக்கரங்களையும் பிணைக்கும் அளவு) குறைத்துப் பாருங்கள், மூக்கு உள்ளே வரும். மூன்று, கியர் விகிதம். அர்ஜென்டினாவில் கடைசி கியரை எட்டுவதே அபூர்வம், எனவே கடைசி விகிதத்தைச் சுருக்கினால் கொண்டை ஊசி வளைவுகளிலிருந்து வெளியேறும்போது நேரம் மிச்சம். சக்கரங்களின் சாய்வுக் கோணங்களான கேம்பர், டோ இவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டயரில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. இரண்டு சர்வீஸுக்கு (ஸ்டேஜ்களுக்கு இடையே பழுது பார்க்கும் நிறுத்தம்) நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மென்மையானது வேகம், ஆனால் தேய்ந்ததும் பிடிப்பு படிப்படியாகக் குறைகிறது, பஞ்சர் பயமும் கூடுகிறது. மாற்றுச் சக்கரம் எடுத்துப்போனால் எடை கூடும். நீண்ட ஸ்டேஜ் என்றால் ஒன்றாவது போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். சர்வீஸில் தரப்படும் நேரத்தை மீறினால் அபராதம். ரேடியேட்டர், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் என்ற வரிசையில் பழுது பாருங்கள். நசுங்கிய கதவு நசுங்கியே இருக்கட்டும்.

இனி கையில் பிடிக்கும் கருவி. வெளியான புதிதில் ஸ்டியரிங் வீலில் உணர்வு சப்பென்று இருக்கிறது என்று பெரிய புகார் எழுந்தது. பிறகு வந்த திருத்தங்களில் நிலைமை தேறியது, என்றாலும் ஆரம்ப அமைப்பு இன்னும் திருப்தியாக இல்லை. பலர் செய்யும் தப்பு, எல்லா எண்களையும் ஏற்றிவிடுவது. லாஜிடெக் ஜி29 போன்ற சிறிய மோட்டார் வீலில் அப்படிச் செய்தால் மோட்டார் எப்போதும் உச்சத்திலேயே நின்றுவிடும். பெரிய பள்ளமும் சிறிய கல்லும் ஒரே மாதிரி உதைக்கும், நுணுக்கம் செத்துப்போகும். செல்ஃப் அலைனிங் டார்க் என்ற அளவை மற்றவற்றைவிட மேலே வையுங்கள், டயர் எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்பதைச் சொல்வது அதுதான். சஸ்பென்ஷன் அளவை நடுத்தரமாகவும், மோதல் அளவைக் குறைவாகவும் வைத்தால் கை தப்பிக்கும். வீல் எத்தனை டிகிரி சுற்ற வேண்டும் என்பதை கேமின் சாஃப்ட் லாக் என்ற வசதி வண்டிக்கேற்பப் பார்த்துக்கொள்ளும். உங்கள் வீலில் அது ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் வீலின் டிரைவர் மென்பொருளில் 540 டிகிரி வைத்துவிடுங்கள், எல்லா வண்டிக்கும் ஏறக்குறைய ஒத்துவரும்.

கேம்பேடில் ஆடுபவர்கள் தயங்க வேண்டியதில்லை, நன்றாகவே ஓட்டலாம். ஸ்டியரிங் லீனியாரிட்டி என்ற அளவைக் கொஞ்சம் கூட்டினால் ஸ்டிக்கின் நடுப்பகுதி பதறாமல் இருக்கும், நேர்ச்சாலையில் வண்டி பாம்பாக நெளியாது. ஆக்ஸிலரேட்டர் டிரிக்கரை ஒரேயடியாக அழுத்துவதுதான் கேம்பேடில் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம்.

பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகும் சாலையைச் சொல்லும் கோ-டிரைவரின் குரல் ஃபில் மில்ஸுடையது, 2003-இல் பெட்டர் சோல்பர்க்குக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்த பக்கத்து சீட்டுக்காரர். வளைவுகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண்கள். ஆறு என்றால் ஏறக்குறைய நேர், ஒன்று என்றால் கொண்டை ஊசிக்கு அடுத்தபடி. எண்ணைவிட அதற்குப் பின்னால் வரும் சொல்லைக் கவனியுங்கள். போகப்போக இறுகும், உள்பக்கம் வெட்டாதே, மேட்டுக்கு அப்பால் என்பதுதான் உயிரைக் காப்பாற்றும் தகவல். வேகமான வண்டிக்கு, குறிப்பைச் சற்று முன்னதாகச் சொல்லும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். பள்ளத்தில் உருண்டுகொண்டிருக்கும்போதும் மனிதர் குரல் பதறுவதில்லை என்பது தனி ரசனை.

இப்போது தார்ச்சாலை. ஸ்பெயினில், பிறகு காசு கொடுத்து வாங்கும் ஜெர்மனியில், இந்த இயற்பியலின் ஓட்டை தெரிந்துவிடுகிறது. தாரில் டயர் பிடிப்பை இழப்பதும் திரும்பப் பெறுவதும் வெடுக்கென்று நடக்க வேண்டும். இங்கே அது சரளையில் நடப்பதுபோல வழவழவென்று நடக்கிறது. வளைவில் வண்டி முன்டயரின் கடியால் திரும்பாமல், தன் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்புவதுபோல் இருக்கிறது. பின்பக்கம் எப்போது நழுவும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. சமாளிக்க வழி உண்டு: வண்டியைத் தாழ்த்துங்கள், ஸ்பிரிங்கை விறைப்பாக்குங்கள், பிரேக்கை நேர்கோட்டிலேயே முடியுங்கள், சறுக்கவே விடாதீர்கள். ஹேண்ட் பிரேக் கொண்டை ஊசிக்கு மட்டும். இப்படி ஓட்டினால் நேரம் நன்றாக வரும். ஆனால் ரசித்து ஓட்டினோம் என்று சொல்ல முடியாது.

கையாளுதலைத் தாண்டிய குறைகளும் இருக்கின்றன, அவை சிறியவை அல்ல. அடிப்படைப் பதிப்பில் ராலிக்கு ஆறு நாடுகள்: அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து, ஸ்பெயின், அமெரிக்கா. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு ஸ்டேஜ் என்று பட்டியல் காட்டும். உண்மையில் இருப்பது இரண்டு நீளமான சாலைகள்தான். அவற்றையே திருப்பிப் போட்டும், பாதியாக வெட்டியும் பன்னிரண்டு ஆக்கியிருக்கிறார்கள். சில வாரங்களில் அடுத்த வளைவு மனப்பாடமாகிவிடும், ஃபில் மில்ஸுக்கு வேலை இருக்காது. பிறகு வந்த மான்டே கார்லோ, ஸ்வீடன், ஜெர்மனி, வேல்ஸ், கிரீஸ், பின்லாந்து எல்லாமே முதல் டர்ட் ராலியில் இருந்தவை. மெருகேற்றித் தந்தார்கள் என்றாலும், அதை வைத்திருந்தவர்களிடம் மறுபடி காசு வாங்கியது நியாயமா என்ற கோபம் இன்றும் இருக்கிறது. நம் அணியை நடத்திப் போட்டி போட்டியாக முன்னேறும் கேரியருக்கு எப்போதும் இணைய இணைப்பு வேண்டும். தனியாக, கணினிக்கு எதிராக ஆடும்போதுகூட! சர்வர் தூங்கினால் நம் அணியும் தூங்கும்.

போட்டியாக இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். இதே நிறுவனம் 2023 நவம்பரில் தந்த இஏ ஸ்போர்ட்ஸ் டபிள்யூஆர்சி, தாரில் இதைவிடத் தெளிவான முன்னேற்றம். 30 கிலோமீட்டரைத் தாண்டும் ஸ்டேஜ்களும் அதில் உண்டு. ஆனால் அன்ரியல் எஞ்சின் என்ற கேம் மென்பொருளுக்கு மாறியதில் வெளியான புதிதில் பிசியில் காட்சி திக்கித் திணறியது. அதே கணினியில் டர்ட் ராலி 2.0 வழுக்கிக்கொண்டு ஓடும். காட்சியழகிலும், மழைக்குப் பிந்தைய வெளிச்சத்திலும், பழையதுதான் இன்னமும் மேல் என்பது என் கட்சி. இன்னொன்று 2004-இன் ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி. ராலிசிம்ஃபேன்ஸ் என்ற ஹங்கேரியக் குழுவின் கைங்கர்யத்தில் அது புதிய இயற்பியலோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. டயர் நடத்தையில் அதை மிஞ்ச ஆளில்லை, தாரில் குறிப்பாக. ஆனால் நல்ல வீலும், நிறுவி முடிக்கப் பொறுமையும் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வாங்குவதாக இருந்தால் 2020 மார்ச்சில் வந்த கேம் ஆஃப் தி இயர் பதிப்பையே வாங்குங்கள், அதுவும் தள்ளுபடியில். நான்கு சீசன்களாகப் பிறகு வந்த கூடுதல் வண்டிகளும் சாலைகளும் அதில் அடக்கம். 1995 உலகச் சாம்பியன் காலின் மெக்ரே பெயரிலான தொகுப்பும், அதோடு ஸ்காட்லாந்துச் சாலைகளும் சேர்ந்தே வரும். அடிப்படைப் பதிப்பை வாங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்தால் செலவு எகிறும். நிறுவியதும் கேரியருக்குள் குதிக்காமல் தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் டிரையலில் ஃபுல்வியாவை எடுத்துக்கொண்டு நியூசிலாந்தின் குட்டை ஸ்டேஜ் ஒன்றை ஓட்டுங்கள். ஒரு தடவைகூட முட்டாமல் முடிக்க முடிகிறது என்றானதும் எஸ்கார்ட், அதன் பிறகு நான்கு சக்கர டிரைவ் கொண்ட ஆர்5 வகுப்பு ஸ்கோடா ஃபேபியா. குவாட்ரோ காத்திருக்கட்டும்.