படர்தாமரை: மெடிக்கலில் தரும் களிம்பா, ஸ்கின் டாக்டர் எழுதும் மருந்தா?

தொடை இடுக்கில் வட்டமாகப் படர்ந்து அரிக்கிறது என்று மெடிக்கலில் சொன்னால், பெரும்பாலும் கைக்கு வருவது மூன்று மருந்து கலந்த களிம்புதான்: பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி, ஸ்டீராய்டு. ட்யூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று அச்சிட்டிருந்தால் அது ஸ்டீராய்டு.

அரிப்பை அடக்கும் வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஓரிரு நாளில் சுகம். ஆனால் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையை ஸ்டீராய்டு கொல்லாது. பூஞ்சையோடு போராடும் தோலின் எதிர்ப்பைத்தான் படுக்க வைக்கும். சிவப்பு மறைந்ததும் பூசுவதை விடுகிறோம், படை முன்னைவிட அகலமாகத் திரும்புகிறது, மறுபடி அதே ட்யூப். மாதக்கணக்கில் இப்படிப் போனால் தோல் மெலிந்து, பிரசவ வரிகள் போன்ற தழும்பு விழும். அது முழுதாக மறையாது. வட்டத்தின் விளிம்பும் கலைந்துவிடுவதால் இது என்ன நோய் என்று மருத்துவரே தடுமாறும் நிலை வரும். ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே இந்திய அரசு விதியை இறுக்கியது. கேட்டவுடன் கிடைப்பது இன்னும் நிற்கவில்லை.

ஸ்கின் டாக்டரின் வழி மெதுவானது. சந்தேகம் இருந்தால் படையின் ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பிறகு ஸ்டீராய்டு இல்லாத லூலிகோனசோல் போன்ற தனிக் களிம்பு. படையைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும். படை மறைந்தபின்னும் 2 வாரம் தொடர வேண்டும். பலர் சறுக்குவது இந்த 2 வாரத்தில்தான்.

உடம்பெங்கும் பரவியிருந்தால் மாத்திரை. இந்தியாவில் டெர்பினாஃபைன் என்ற பூஞ்சைக்கொல்லிக்கு மசியாத பூஞ்சை பெருகிவிட்டதால் இப்போது இட்ராகோனசோலை அதிகம் எழுதுகிறார்கள். அந்தக் கேப்ஸ்யூலை உணவு சாப்பிட்டவுடன் விழுங்க வேண்டும். அசிடிட்டி மாத்திரை போட்டால் உடலில் சரியாகச் சேராது. இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது.

எந்த மருந்தானாலும் அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்கு இடம் தருவது அதுதான். வீட்டில் யாருக்கு அரித்தாலும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும், துண்டு தனித்தனி.

சின்னதாக ஒன்றிரண்டு வட்டம்தான் என்றால் ஸ்டீராய்டு கலக்காத களிம்பை நீங்களே வாங்கிப் பூசிப் பார்க்கலாம். முகம், நகம், கர்ப்பம், சர்க்கரை நோய் என்றால் நேரே டாக்டரிடம் போங்கள். குழந்தையின் தலையில் வந்தாலும் அப்படியே. அங்கே பூஞ்சை முடிக்குள் இருப்பதால் களிம்பு மட்டும் எட்டாது, மாத்திரையோ சிரப்போ வேண்டும்.