பினாங்கில் போர்ச்சில் நிற்கும் பழைய மைவி

வெளிநாட்டில் குடியேறிய பினாங்குக்காரர் பலரின் வீட்டில் அப்பா ஓட்டிய பெரோடுவா மைவி கார் ஒன்று இன்னும் போர்ச்சில் நிற்கும். மூன்று வாரம் லீவு எடுத்து வந்தால் முதல் மூன்று நாள் அதை வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போவதிலேயே கழிந்துவிடும். பட்டர்வொர்த், பிறை, ஜெலுத்தோங் பக்கம் இந்த முறை கண்ட வேலைகளை வைத்து, அந்த எஞ்சினுக்கு என்ன வரும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதுகிறோம்.

2005 மே மாதம் வந்த முதல் மைவியின் 1.3 எஞ்சின், டைஹாட்சு வடிவமைத்த கே3-விஇ. 4 சிலிண்டர், 16 வால்வு, 1,298 சிசி. 6,000 ஆர்பிஎம்மில் 64 கிலோவாட். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் டிவிவிடி அமைப்பு இன்டேக் கேமில் மட்டும். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான்; "டைமிங் பெல்ட் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் காரைப் பார்க்கவே இல்லை. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை 1.3இலும் இதே எஞ்சின். 2017 நவம்பரில் வந்த மூன்றாவதில்தான் என்ஆர் வகைக்கு மாறினார்கள். முதல் அவான்ஸா 1.3இலும் கே3-விஇதான் என்பதால் இதன் உள்வேலை தெரியாத போமன் (மெக்கானிக்) இங்கே அபூர்வம். சாமானுக்கும் பஞ்சமில்லை, பழைய சாமான் வேண்டுமென்றால் கெடாய் பொத்தோங் இருக்கிறது. 1.0 மைவி வேறு: 989 சிசி, 3 சிலிண்டர். அது ஐட்லிங்கில் லேசாக உதறுவது அதன் பிறவிக் குணம், அதற்கு வைத்தியம் தேடாதீர்கள்.

நின்ற காரில் முதலில் சாவது பேட்டரி. இந்தக் காரில் பெரும்பாலும் என்எஸ்40 அளவு, ஏறக்குறைய 35 ஆம்பியர்-ஹவர். அலாரம், ரேடியோ, எஞ்சினின் கணினியான இசியூ எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-ஹவர், ஐம்பது நாளுக்குள் புது பேட்டரியும் காலி. ஆகவே ஸ்டார்ட் ஆகாத காருக்கு உடனே புது பேட்டரி வாங்க வேண்டாம். மீட்டரில் 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மெதுவாக ஒரு இரவு சார்ஜ் ஏற்றி, மறுநாள் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாருங்கள்: 9.6க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வராவிட்டால் பிழை ஆல்டர்னேட்டரில். வீட்டுக்கே வந்து பேட்டரி மாற்றித் தரும் சேவை பினாங்கில் நன்றாகவே நடக்கிறது, பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு விலையில் கழிக்கவும் செய்கிறார்கள். ஆனால் வருகிறவர் விற்கத்தான் வருகிறார். சார்ஜ் ஏற்றிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

சாவி போடும் முன் பானெட்டைத் திறந்து ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றுங்கள். எலி கூடு கட்டும் இடம் அது. இன்ஜெக்டர் வயரைக் கடித்து வைத்திருந்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு டிப்ஸ்டிக், கூலண்ட். ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு வினாடி செயின் கடகடப்பது சகஜம், கீழே வடிந்த எண்ணெய் மேலே ஏறும் நேரம் அது. எண்ணெய் விளக்கு அணையும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். எஞ்சின் சூடேறிய பிறகும் கடகடப்பு நிற்கவில்லை என்றால் எண்ணெய் குறைவா என்று முதலில் பாருங்கள், அப்புறம்தான் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்.

இனி, கடைக்கு வரும் மைவிகளில் அதிகம் கேட்கும் புகார்: கெகார். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. இதற்கு இங்கே சொல்லும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "மவுண்டிங் போச்சு பாஸ்." பல நேரம் உண்மை. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் இந்த வெயிலில் கல்லாகிவிடும். ஆனால் நாலாயிரம் மைல் பறந்து வந்தவர் அரை நிமிடச் சோதனை கேட்கலாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலில் பாருங்கள், பிறகு டியில் (டிரைவ்) போடுங்கள். நியூட்ரலில் அமைதி, டியில் மட்டும் நடுக்கம் என்றால் மவுண்டிங். இரண்டிலும் நடுக்கம், நடுவில் ஒரு தட்டுத் தடுமாற்றம் என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. மூன்று மவுண்டிங்கையும் மாற்றினாலும் அது போகாது.

எரியாத சிலிண்டரைப் பிடிக்கும் முறை எளிது. ஸ்கேனரில் பி0303 என்ற பிழைக் கோட் வந்தால் மூன்றாம் சிலிண்டர் (ஆல்டர்னேட்டர் பெல்ட் இருக்கும் பக்கம்தான் ஒன்று). ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் என்பதால் மூன்றாவதையும் ஒன்றாவதையும் இடம் மாற்றி மாட்டி, ஸ்கேனரில் அந்தக் கோட் பதிவை அழித்து, பத்து நிமிடம் ஓட்டுங்கள். கோட் பி0301 ஆக மாறினால் காயில் போய்விட்டது. பி0303லேயே நின்றால் அதே போலப் பிளக்கை மாற்றிப் பாருங்கள், அப்புறம் இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன். இதற்கு ஒரு வெள்ளிக்கும் (ரிங்கிட்) சாமான் தேவையில்லை. ஒரு கடையில் நாலு காயிலும் நாலு பிளக்கும் சேர்த்து விலை சொன்னார்கள், இந்த இடமாற்றத்துக்குப் பிறகு தேவைப்பட்டது ஒரே காயில். கோப்பி (நகல்) காயில் ஓரியின் (அசல்) பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். சூட்டில் சீக்கிரம் போகும் என்பதால் மீண்டும் கழற்றும் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காயிலை உருவும்போது அதன் ரப்பர் நுனியில் எண்ணெய் பளபளத்தால் வால்வு கவர் கேஸ்கெட் ஒழுகிப் பிளக் குழிக்குள் இறங்கியிருக்கிறது. கேஸ்கெட்டை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதுக் காயிலும் அதே எண்ணெயில் ஊறும். பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும், சிலிண்டர் ஹெட் அலுமினியம். புதுப் பிளக்கைக் கையால் முட்டும் வரை திருகி, அதற்கு மேல் ஸ்பானரில் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். பிளக் நம்பர் 11 என்று முடிந்தால் இடைவெளி 1.1 மி.மீ. என்று பொருள்.

ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடுவதற்கும், ஏர்கான் போட்டதும் எஞ்சின் அணைவதற்கும் பெரும்பாலும் காரணம் எஞ்சினுக்குள் காற்று போகும் திராட்டில் பாடியில் படிந்த கரி. கிரான்க் கேஸ் ஆவி கொண்டுவரும் எண்ணெய்ப்பசை அது. கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும், பட்டாம்பூச்சித் தகட்டின் விளிம்பும் பின்பக்கமும் முக்கியம். ஐட்லிங் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் முன்பக்கம் மட்டும் பீய்ச்சிவிட்டுக் காசு கேட்கிறவர்கள் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள், இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கார் செம்புட், அதாவது மூச்சுவாங்குகிறது, கூடவே பி0011 மாதிரி கேம் கோட் வருகிறது என்றால் டிவிவிடியின் ஆயில் கன்ட்ரோல் வால்வைச் சந்தேகியுங்கள். அது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் சின்னஞ்சிறு வால்வு. அழுக்கு சேர்ந்தால் சிக்கிக்கொள்ளும். கழற்றிக் கழுவி, 12 வோல்ட் கொடுத்துத் தட்டினால் உள்ளே நகருவது தெரியும். இதற்கு மூலகாரணம் மினியாக் ஹித்தாம், அதாவது எஞ்சின் ஆயில். அதை மாற்ற வேண்டியது 10,000 கி.மீ. அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது. ஓடாமல் நின்ற காருக்கும் இந்த ஆறு மாதம் பொருந்தும். 3 லிட்டரும் கொஞ்சமும்தான் பிடிக்கும். 4 லிட்டர் டின் வாங்கினால் மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பழைய எஞ்சின், கெட்டியா போடுவோம்" என்று 20டபிள்யூ-50 ஊற்ற வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள், 5டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-30 போதும்.

மிகவும் வருத்தம் தந்தது கூலிங் வேலைதான். "அண்ணே, தெர்மோஸ்டாட் கழட்டிட்டேன், இந்த ஊர் சூட்டுக்குத் தேவையே இல்ல, இனிமே ஹீட் ஆவாது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். இன்னும் குளிராகவே இருக்கிறது என்று இசியூ நினைத்துப் பெட்ரோலை அதிகம் விடும், எண்ணெய் கலங்கும், ஸ்கேனரில் பி0128 வரலாம். ஓவர்ஹீட்டுக்கு உண்மைக் காரணம் வேறெங்கோ இருக்கும்: பைப் தண்ணீர் ஊற்றி அடைத்த ரேடியேட்டர், வெடித்த பிளாஸ்டிக் டேங்க், அழுத்தம் பிடிக்காத மூடி, சுற்றாத விசிறி. ஏர்கானைப் போட்டதும் விசிறி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டார் என்று அந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில் ஏறும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். ஒழுகல் எங்கும் தெரியாமல் கூலண்ட் குறைந்துகொண்டே போய், ரேடியேட்டரில் குமிழியும் வந்தால் ஹெட் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றிச் செய்யும் டாப் ஓவர்ஹாலுக்குச் சம்மதித்தால், ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் புதுக் கேஸ்கெட் மட்டும் போட்டால் அடுத்த லீவில் இதே வேலை.

நீலப் புகை காலை ஸ்டார்ட்டில் மட்டும் என்றால் வால்வு சீல், ஏற்றத்தில் மிதிக்கும்போது என்றால் பிஸ்டன் ரிங்.

சீனப் புத்தாண்டை ஒட்டி வருகிறவர்கள் கவனிக்க: பாதிக்கு மேற்பட்ட கடைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும், சாமான் கடையும் சேர்த்து. பெட்ரோலும் மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 30 முதல் மானிய ரோன்95, லிட்டர் 1.99 வெள்ளி என்று தொடங்கியது, மைகாட் அடையாள அட்டையும் செல்லுபடியாகும் லைசென்ஸும் உள்ள குடிமக்களுக்கு மட்டும். குடியுரிமை மாற்றிக்கொண்டவர்கள் முழு விலைதான் கொடுக்க வேண்டும். ரோன்97 ஊற்றினால் இந்த எஞ்சினுக்குக் கூடுதல் பலன் இல்லை.

திரும்பிப் போகும் முன் எண்ணெயை மாற்றி, டேங்கை நிரப்பி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். அடுத்த முறை மாட்டியதும் ஐட்லிங் சற்று நேரம் முரண்டு பிடிக்கும், ஓட்ட ஓட்டச் சரியாகும். அந்த 10 மி.மீ. ஸ்பானரைச் சமையலறை டிராயரில் வைக்காமல் காரின் சீட்டுக்கு அடியிலேயே வையுங்கள்.